கழற்றி எடுத்த குரல்

பெங்களூரில் பழைய மாருதி 800-ஐயோ பத்மினியையோ விற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வண்டி என்ன விலைக்குப் போனது என்பது பலருக்கு மறந்திருக்கும். ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தோம் என்பது மட்டும் மறந்திருக்காது. வாங்க வந்தவர் முணுமுணுத்திருப்பார். அதைச் சாக்கிட்டு ஐந்நூறு, ஆயிரம் குறைத்துக் கேட்டிருப்பார். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் முட்டை வடிவத்தில் இரண்டு ஓட்டைகளோடு வண்டியை அனுப்பி வைத்திருப்பார்கள். ஸ்பீக்கர்கள் பழைய புடவையில் சுற்றிப் பரணுக்குப் போயிருக்கும். அங்கிருந்து அடுத்த வண்டிக்கு, இல்லாவிட்டால் ஆசாரி செய்த ஒரு பெட்டிக்கு, அதுவும் இல்லாவிட்டால் தம்பி மகனின் ஹாஸ்டல் அறைக்கு.

வீட்டில் வேறெந்த மின்சாமானுக்கும் இந்த யோகம் கிடையாது. ஃபிரிட்ஜ் கெட்டால் ஃபிரிட்ஜோடு எல்லாம் போகும். டிவியில் படம் போனால் எடைக்குப் போட வேண்டியதுதான். ஸ்பீக்கருக்கு மட்டும் பின்னால் இரண்டே முனை: ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. எந்த ஊர் ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் இரண்டு ஒயரை இழுத்து முறுக்கிவிட்டால் பாட ஆரம்பித்துவிடும். அறுபது வருஷத்துக்கு முன் செய்ததை நேற்று வாங்கிய ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்தாலும் மறுப்புச் சொல்லாது. கழற்ற முடிந்ததால்தான் அதற்கு ஒரு வாழ்க்கை வரலாறு வாய்த்தது. வாங்கிய இடத்திலேயே இருந்து செத்துப்போகும் சாமானைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

உள்ளே இருப்பதும் கொஞ்சம்தான். ஒரு காந்தம், அதன் நடுவே மெல்லிய இடுக்கு, இடுக்குக்குள் தொட்டும் தொடாமலும் நிற்கும் செம்புக் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. கம்பியில் மின்சாரம் ஏறி இறங்க, சுருள் முன்னும் பின்னும் ஆட, காகிதம் காற்றைத் தள்ளுகிறது. ஆலிவர் லாட்ஜ் 1898-இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சன் 1915-இல் கலிஃபோர்னியாவில் கூட்டாளி பிரிதாமோடு சேர்ந்து, பெரிய கூட்டத்துக்குக் கேட்கும்படி அதைப் பேச வைத்தார். வீட்டுக் கூடத்தில் வைக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும், ஆண்டு 1925. நூறு வருஷம் ஆகிவிட்டது. காந்தம் மாறியது, பசை மாறியது, காகிதத்தின் ஓரத்தில் ஒட்டும் வளையம் மாறியது. மற்றபடி தாத்தாவின் ரேடியோவிலும் பேரனின் காரிலும் இருப்பது ஒரே சாமான்.

பெங்களூரில் இது முதலில் குடியேறியது வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்குள். மைசூரில் எம்.வி. கோபாலசுவாமி 1935-இல் தன் வீட்டிலேயே தொடங்கிய ஆகாசவாணி, 1955-இல் பெங்களூர் நிலையமாக இடம் மாறி வந்திருந்தது. பிலிப்ஸ், மர்பி, புஷ் என்று கூடத்தின் நடுவில், குரோஷா துணி போர்த்தி, மேலே சாமி படமோ கல்யாண போட்டோவோ வைத்து ரேடியோவை நிறுத்தியிருப்பார்கள். (அல்சூர்ப் பக்கம் இருக்கும் மர்பி டவுனுக்கும் அந்த ரேடியோவுக்கும் சம்பந்தமில்லை, அது ஒரு பொறியாளரின் பெயர்.) ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். வால்வு சூடாக அரை நிமிஷம் பிடிக்கும். முதலில் ஒரு ரீங்காரம், பிறகு எங்கோ தூரத்தில் யாரோ பேசுவது, பிறகுதான் முழுக் குரல்.

கடைசி வால்விலிருந்து ஸ்பீக்கருக்குப் போனது மூன்று, நாலு வாட். இன்றைக்குக் கையடக்க புளூடூத் டப்பாவில்கூட இதைவிட அதிகமாக எழுதியிருக்கும். ஆனாலும் அந்த நாலு வாட்டில் கூடம், திண்ணை, எதிர்வீடு வரை கேட்டது. வயதானவர்கள் இதைச் சொல்லும்போது கூட்டிச் சொல்கிறார்கள் என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். அன்றைய ஸ்பீக்கரின் காகிதம் மெல்லியது, எடை குறைவு, ஓர வளையமும் காகிதமே. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 93, 95 டெசிபல் வரும். இன்று அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரில் 85 வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து டெசிபல் வித்தியாசத்தை ஈடுகட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது தாத்தாவின் நாலு வாட்டும் பேரனின் நாற்பது வாட்டும் ஒரே சத்தம்.

ஞாபகம் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது வேறிடத்தில். ‘அந்த பேஸ் இப்ப எங்க வருது?’ என்பார்கள். அந்த ரேடியோக்களில் உண்மையான கீழ்ஸ்தாயி மிகக் குறைவு. மரப்பெட்டிதான் தன் பங்குக்கு அதிர்ந்து கும்மென்று ஒரு ஓசையைக் கூட்டியது. மிருதங்கத்தின் தொப்பி அவ்வளவு கனமாகக் கேட்டதில் மிருதங்கக்காரருக்குப் பாதிப் பங்கு, பெட்டி செய்தவருக்குப் பாதிப் பங்கு.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1954-இல் அரசு தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அறுபதுகளில் ஜாலஹள்ளி ஆலையில் வால்வையும் செய்தது, வால்வை வீட்டுக்கு அனுப்பப்போகும் டிரான்சிஸ்டரையும் செய்தது. கையில் தூக்கிக்கொண்டு போகிற ரேடியோ வந்ததும் கூடத்துப் பெட்டி ரேடியோ மூலைக்குப் போயிற்று. வால்வு போயிற்று, டயல் கயிறு அறுந்தது, மரத்தில் பூச்சி ஏறியது. ஸ்பீக்கர் மட்டும் நன்றாக இருந்தது. முதல் கழற்றல் அப்போது நடந்தது.

அதற்கு இந்த ஊரில் ஆள் பஞ்சமில்லை. ஐ.டி.ஐ, எச்.ஏ.எல், எச்.எம்.டி, பி.இ.எல் என்று காலையில் சங்கு ஊதும் ஆலைகள். அவற்றின் பஸ்ஸில் போய்வந்தவர்களில் தமிழர்கள் கணிசம். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். 1969 முதல் வந்துகொண்டிருந்த ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ பத்திரிகையில் ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் போடுவார்கள். அதைப் பார்த்து, எஸ்எல் 100 டிரான்சிஸ்டர் நாலை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுத்து, இரண்டு மாதச் சம்பளத்தில் துண்டு விழ, வீட்டிலேயே ஸ்டீரியோ செய்தவர்கள் அந்தத் தலைமுறை. சாமான் வாங்க டவுன் ஹால் பக்கத்து எஸ்.பி. ரோடு. காகிதப் பொட்டலத்தில் எண்ணித் தரும் ரெசிஸ்டர், தராசில் நிறுத்துத் தரும் செம்புக் கம்பி, கயிற்றில் பூமாலை போலக் கோத்துத் தொங்கும் ஸ்பீக்கர்கள். வசதி இருந்தவர்கள் பீர்லெஸ் வாங்கினார்கள். 1926-இல் டென்மார்க்கில் பிறந்த பெயர், மும்பையில் செய்து வந்தது. பிலிப்ஸின் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனி மரியாதை. ஆயத்தப் பெட்டியாக வேண்டுமென்றால் மும்பையின் காஸ்மிக், கொல்கத்தாவின் சோனோடைன். விலையைக் கேட்டுவிட்டு பெரும்பாலோர் ஆசாரியிடம் போனார்கள்.

ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் பேச்சே தனி. பீரோ செய்பவருக்குப் பலகை எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது; ஸ்பீக்கர்ப் பெட்டிக்கு எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. தட்டினால் சத்தம் வரக்கூடாது என்று இவர் சொல்ல, சத்தம் வரத்தானே சார் பெட்டி என்று அவர் கேட்க, முக்கால் அங்குல ஒட்டுப்பலகைக்குப் பேரம் முடியும். துமகூரு சாலையில் ஒட்டுப்பலகைக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருக்கிற ஊர் இது. ஆனாலும் ஸ்பீக்கர்ப் பெட்டிக்கு எந்தப் பலகை என்பதை ஒவ்வொருவரும் விரலால் தட்டித்தான் முடிவு செய்தார்கள். உள்ளே பழைய மெத்தைப் பஞ்சு அடைத்தார்கள். முன்பக்கம் கறுப்புத் துணி. நாலு மூலையிலும் பித்தளைக் கவசம், அது வேண்டியதே இல்லை, ஆனால் இல்லாவிட்டால் பெட்டிக்கு முகம் வராது.

அப்படிச் செய்த பெட்டியில் முதலில் என்ன போட்டீர்கள் என்று கேட்டால் தமிழர்கள் பலர் சொல்வது ‘ப்ரியா’. 1978-இல் வந்த அந்தப் படத்தின் பாட்டுகளை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்திருந்தார். அதுவரை ரேடியோவில் ஒரே இடத்திலிருந்து வந்த பாட்டு, திடீரென்று கூடத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவே பிரிந்து நின்றது. பின்னாட்களில் எக்கோ கேசட்டுகளைப் போட்டபோது இன்னொன்று தெரியவந்தது: பல்லவிக்கு அடியில் பேஸ் கிதார் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஆயிரம் முறை கேட்ட பாட்டு, ஆனால் அந்த வரிசையைக் கேட்டதே இல்லை. மூன்று அங்குல ஸ்பீக்கரால் அதைச் சொல்ல முடியாது. எட்டு அங்குலக் காகிதம் வேண்டும். ‘எங்க வீட்டு ஸ்பீக்கர்லதான் அது வரும்’ என்று சொல்லித் தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஸ்பீக்கர்க்காரர்களின் பெருமையில் பாதி, தான் கேட்டதை இன்னொருவரையும் கேட்க வைப்பதில் இருக்கிறது.

சத்தத்தைக் குறைக்க வேண்டி வந்த நாட்களும் உண்டு. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததை ஒட்டி நகரத்தில் தமிழர்கள் மீது வன்முறை பாய்ந்தது. ஸ்ரீராமபுரத்திலும் மற்ற இடங்களிலும் அந்த வாரத்தில் எந்த மொழிப் பாட்டு தெருவுக்குக் கேட்கிறது என்பது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. நல்ல ஸ்பீக்கர் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது முதலில் உறைத்திருக்கும்.

இனி காருக்கு வருவோம். வண்டிக்குள் ரேடியோ வைப்பது 1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் தொடங்கி வைத்த வியாபாரம். நம் அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அது நெடுநாள் ஆடம்பரம்தான். ரேடியோ இருந்தாலும் ஸ்பீக்கர் ஒன்றுதான் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றியது கேசட். இங்கே 1983-ஐ ஒரு கணம் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியது. அதே ஆண்டில் அமெரிக்காவில், வங்காளத்துச் சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகனான அமர் போஸின் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் போன்ற வண்டிகளுக்கு ஆலையிலேயே பொருத்தும் ஸ்பீக்கர் அமைப்பைக் கொடுத்தது. அந்த வண்டியின் இருக்கை, கண்ணாடி, துணி எல்லாவற்றையும் அளந்து அதற்கென்றே செய்தது. வேறு வண்டியில் வைத்தால் அதற்கு மதிப்பில்லை. மாருதியோ பின்கண்ணாடிக்குக் கீழே வெறும் தட்டோடு வந்தது. என்ன ஸ்பீக்கர், எங்கே, எப்படி என்பதெல்லாம் வாங்கியவர் பாடு. நம்மவர்களுக்கு இன்று ஞாபகம் என்று ஏதாவது இருக்கிறதென்றால் அந்த வெறும் தட்டினால்தான்.

தட்டில் வைக்க ஆசைப்பட்டது பயனியர். 1938-இல் டோக்கியோவில் நோசோமு மாட்சுமோட்டோ தொடங்கிய கம்பெனிக்கு முதல் சரக்கே ஸ்பீக்கர்தான். அந்த ஸ்பீக்கருக்கு வைத்த பெயர்தான் பிறகு கம்பெனிக்கே பெயரானது. எண்பதுகளில் அவர்களுடைய டிஎஸ்-எக்ஸ் வரிசை பெட்டியோடு வந்தது. பின்கண்ணாடி ஓரம் நிறுத்தினால் முகப்பில் எழுத்து ஒளிரும், பின்னால் வருகிற வண்டிக்காரர் படிக்கலாம். இறக்குமதித் தீர்வை கண்ணைக் கட்டிய காலம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற சித்தப்பாவிடம் சொல்லி வைக்க வேண்டும். அல்லது மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டில் தேட வேண்டும். ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: எடை பார்ப்பது, காந்தத்தின் பின்னால் ஒட்டிய சீட்டைச் சுரண்டிப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது. ஓர் எழுத்து இடம் மாறியிருந்தால் பாதி விலை.

பொருத்துவதற்கு ஜே.சி. ரோடு. வீட்டு ஸ்பீக்கருக்கு எஸ்.பி. ரோடு, கார் ஸ்பீக்கருக்கு ஜே.சி. ரோடு, ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். நடைபாதை ஓரம் வண்டியை நிறுத்தி, சொந்தக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பையன் ஒருவன் பின்னிருக்கையில் மண்டியிட்டுத் தட்டைக் கழற்றுவான். மாருதியின் தட்டு அட்டை போல மெல்லியது. அதில் ஸ்பீக்கரை மாட்டினால் பாட்டோடு தட்டும் சேர்ந்து கிலுகிலுக்கும். ஆகவே அதே வடிவத்தில் ஒட்டுப்பலகை வெட்டி, கறுப்புக் கம்பளம் ஒட்டுவார்கள். ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்டம் இரண்டு. பத்மினிக்காரர்களுக்கும் அம்பாசடர்க்காரர்களுக்கும் இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை இருந்தது. தனி டிக்கி இருப்பதால் முழு டிக்கியுமே ஸ்பீக்கருக்குப் பெட்டியாகிவிடும். காசு கொடுக்காமல் கிடைத்த பெரிய பெட்டி அது. ஸ்டெப்னிக்கும் துணிமூட்டைக்கும் பேஸ் கேட்டதோ என்னவோ, வண்டிக்குள் இருந்தவர்களுக்கு நன்றாகக் கேட்டது.

பொருத்தி முடித்ததும் பரீட்சை. கடைக்காரர் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ போடுவார். தமிழ்க்காரர் தன் கேசட்டை நீட்டுவார். அப்போது பேஸே இல்லாமல் குரல் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அந்தரத்தில் மிதந்தால், ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இடது காகிதம் முன்னே வரும்போது வலது காகிதம் பின்னே போய், ஒன்று தள்ளிய காற்றை மற்றது இழுத்துக்கொள்கிறது. ஒரு ஒயரைத் திருப்பிப் போட்டதும் பேஸ் திரும்பி வருகிற அந்த நொடியை நேரில் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

பெட்டியில் ‘800 வாட்ஸ் பி.எம்.பி.ஓ’ என்று போட்டிருக்கும். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. காரின் பேட்டரி, வண்டி ஓடும்போது 14 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும். நாலு ஓம் ஸ்பீக்கருக்குச் சாதாரண முறையில் அதிலிருந்து எடுக்கக்கூடியது ஆறரை வாட். இரட்டை ஆம்ப்ளிஃபயரை எதிரெதிராகப் பூட்டினால் இருபத்தாறு. மீதி எல்லாம் அட்டைப்பெட்டி அச்சடித்தவரின் தாராளம்.

அந்த ஸ்பீக்கர்களோடு சேர்ந்த ஞாபகம் பெரும்பாலும் ஓசூர் ரோடு ஞாபகம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடியுமுன் கிளம்பி, கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் இறக்கம், சேலம். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கும். தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் தபேலா அதிரும். அம்மா அவ்வப்போது ‘சத்தத்தைக் குறைங்க, புள்ளைங்க எழுந்துடும்’ என்பார். குழந்தைகள் எழாது, சத்தத்தைக் குறைத்தால்தான் எழும். கேசட்டுகளைப் பின்தட்டிலேயே, ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். வெயிலில் ஓடு வளையும், காந்தத்தில் நாடாவின் மேல்ஸ்தாயி மங்கும். அந்த ஸ்பீக்கர் தான் பாட வேண்டிய பாட்டைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது என்று பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

வெயில் ஸ்பீக்கரையும் விடவில்லை. பின்கண்ணாடிக்கடியில் பத்து வருஷம் கிடந்தால் கறுப்புக் காகிதம் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிடும். ஓரத்து வளையம் ஃபோம் என்றால் இன்னும் மோசம். பாலியூரித்தேன் ஃபோமை ஈரமும் சூடும் உள்ளிருந்து உடைக்கின்றன. பதினைந்து இருபது வருஷத்தில், பாட்டே போடாமல் பரணில் வைத்திருந்தாலும், விரல் பட்டால் உதிரும். கடலோரத்தில் இருக்கும் சென்னையைவிட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர் கொஞ்சம் கருணை காட்டும், தப்பிக்க விடாது. பழைய காகித வளையமும் துணி வளையமும் வைத்த ஸ்பீக்கர்கள் இன்னும் பாடுகின்றன. நடுவில் வந்த ஃபோம் தலைமுறைதான் முதலில் உதிர்ந்தது.

உதிர்ந்தால் கோன் மாற்ற வேண்டும். எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்துகளில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, பசை டப்பா, இவ்வளவே கடை. கன்னடம், உருது, தமிழ் மூன்றும் புழங்கும். செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முதலில் பிளேடால் பழைய காகிதத்தை ஓரத்தோடு அறுத்து எடுப்பார். சட்டத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டியே அரை மணி போகும். காந்த இடுக்கில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் ஊதினால் வராது; பிசின் நாடாவை மடித்து உள்ளே விட்டு ஒற்றி எடுப்பார். பிறகு புதுச் சுருளை இடுக்கில் இறக்குவது. இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. நட்டநடுவில் நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் உரசிக் கரகரக்கும். அதற்குப் பழைய போட்டோ ஃபிலிமையோ எக்ஸ்ரே தாளையோ கீற்றாக வெட்டி, சுருளுக்கும் நடு இரும்புக்கும் இடையே சுற்றிச் செருகுவார். யாருடைய கல்யாண நெகட்டிவோ, யாருடைய நெஞ்சு எலும்போ. சுருள் இறுக்கமாக நின்றதும் ஸ்பைடர் வளையம் ஒட்டி, காகிதக் கோன் ஒட்டி, பின்னிய மெல்லிய ஒயரைப் பற்றவைத்து, கவிழ்த்து வைத்து மேலே கனம் ஏற்றி ஒரு ராத்திரி காயவிடுவார். மறுநாள் ஃபிலிமை உருவிவிட்டு ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியைத் தொட்டுக் காட்டுவார். காகிதம் ‘டப்’பென்று முன்னே வந்தால் முனைகள் சரி. விரல்களைப் பரப்பிக் கோனை மெல்ல அழுத்தி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்பார். உரசல் இல்லையென்றால்தான் நடுவில் மூடி ஒட்டுவார்.

‘ஒரிஜினல் கோனா பாய்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேர்மையான பதில், அதே அளவு கோன் என்பதுதான். காகிதத்தின் எடை இரண்டு கிராம் மாறினாலே குரல் மாறும். அப்படியானால் அப்பா வாங்கிய பிலிப்ஸ் என்று நாம் கொண்டாடுவதில் அப்பா வாங்கியது எது? சட்டமும் காந்தமும் மட்டும்தான். பாடுகிற பாகம் முழுக்கப் புதிது. வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது, ஆகவே நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். காந்தத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் பற்றுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பின்பக்கம் சின்ன இரும்புச் செம்பு மாதிரி மூடியிருந்தால் அது அல்னிகோ, பழையது. கறுப்பு வளையமாக அகன்று இருந்தால் ஃபெரைட், பிந்தியது. இந்த மாற்றத்துக்கு நடுவில் ஒரு யுத்தம் இருக்கிறது. அல்னிகோவுக்கு வேண்டிய கோபால்ட் பெரும்பாலும் ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்திலிருந்து வந்தது. 1978-இல் அங்கே கொல்வேசி சுரங்க நகரத்தைக் கிளர்ச்சிப்படை பிடித்ததும் கோபால்ட் விலை எகிறியது. ஜே.பி.எல் உட்படப் பல கம்பெனிகள் ஃபெரைட்டுக்கு மாறின. பெங்களூர்ச் சந்தில் ஒருவர் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பார்த்து விலை சொல்வதில் அந்தச் சண்டைக்கும் பங்குண்டு.

இன்றைய வீடுகளுக்கு அந்தப் பெட்டிகள் பெரிது. காரணம் அழகுணர்ச்சி மட்டும் அல்ல. ஆண்டன் ஹாஃப்மன் என்ற அமெரிக்கர் வகுத்துச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைக்கும். பழைய தலைமுறை பெட்டியைப் பெரிதாக விட்டுக்கொடுத்தது. வாட் அதனிடம் இல்லை. இன்று வாட் மலிவு, இடம்தான் விலை. மாரத்தஹள்ளி அடுக்ககத்தில் சதுர அடிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால், மூன்றடிப் பெட்டி இரண்டு நிற்கும் இடத்தின் மதிப்பு ஸ்பீக்கரைவிட அதிகம்.

காரிலும் கதை முடிந்துவிட்டது. 2001 ஜூலையில் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம்மான ரேடியோ சிட்டி பெங்களூரில்தான் தொடங்கியது. டிராஃபிக்கில் நின்ற வண்டிகளெல்லாம் அதைக் கேட்டன. அப்போது ஸ்டீரியோ இன்னும் ஜே.சி. ரோட்டில்தான் மாட்டப்பட்டது. இப்போது வண்டியோடு திரை வருகிறது, ஸ்பீக்கர் கதவுக்குள் பிளாஸ்டிக் சட்டத்தோடு வார்த்து வருகிறது. ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. ஜே.பி.எல்லின் தாய்க்கம்பெனியான ஹார்மனுக்கு இதே ஊரில் பெரிய பொறியியல் மையம் இருக்கிறது. மேலே கண்ணாடிக் கட்டடத்தில் வண்டிக்கு மென்பொருள் எழுதுகிறார்கள், கீழே சந்தில் அதே பெயர்கொண்ட பழைய ஸ்பீக்கருக்கு எக்ஸ்ரே தாள் செருகுகிறார்கள். புது வண்டியின் ஸ்பீக்கர் ஒலிக்கிற விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பத்மினியின் டிக்கியை அது பல மடங்கு தாண்டிவிட்டது. ஆனால் வண்டியை விற்கும்போது அதைக் கழற்றிக்கொண்டு வர யாருக்கும் தோன்றாது. கழற்றி எங்கே வைப்பது?

கழற்றப்பட்டவை கடைசியாகச் சேர்வது சிக்கப்பேட்டைப் பக்கம் ஞாயிறு காலைகளில் கூடும் பழஞ்சாமான் சந்தையில். தார்ப்பாயில் பூட்டு, கைக்கடிகாரம், மிக்சி மோட்டார்களுக்கு நடுவே ஸ்பீக்கர்கள் மல்லாந்து கிடக்கும். கவனித்தால் பெரும்பாலானவை ஒற்றை. ஒன்று எரிந்துபோய் மற்றது தப்பியிருக்கும், அல்லது வீடு மாறும்போது ஒன்று ஓர் அண்ணனோடு போய் மற்றது தம்பியோடு போயிருக்கும். ஜோடி தேடி வருகிறவர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைவார்கள். கிடைத்தாலும் பொருந்தாது. ஒன்று வெயிலில் வாழ்ந்து இளகியிருக்கும், மற்றது பரணில் இறுகியிருக்கும்.

ஒற்றையை யோசிக்காமல் வாங்கிப்போகிறவர்கள் பானைக்காரர்கள். மண்பானை வாயில் ஸ்பீக்கரை மல்லாத்தி வைத்துப் பாட்டுக் கேட்பது டீக்கடையிலும் பட்டறையிலும் இன்றும் நடக்கிறது. பானையின் உள்சுவருக்கு எதிரெதிர்ப் பலகை கிடையாது, ஆகவே ஒலி மோதி மோதித் திரும்பும் வில்லங்கம் இல்லை. சுட்ட மண் அதிராது. ஆனால் டிக்கி அளவுக்கு இடம் கேட்கும் கார் ஸ்பீக்கரைக் குடத்துக்குள் அடைத்தால் காற்று இறுகி, நூறு ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு எழும்பும். தவிலும் தபேலாவும் அந்த மேட்டில் ஏறி நின்று முழங்கும். மற்றதெல்லாம் கொஞ்சம் பின்வாங்கும். நியாயமான ஒலி இல்லை, தேவாவின் பாட்டுக்குப் பொருத்தமான ஒலி.

பானைக்கு ஜோடி வேண்டாம். மேல்நோக்கிப் பாடுவதால் இடதும் வலதும் அதற்கில்லை. பென்சன் டவுன் பக்கத்துப் பாட்டரி டவுனில் குயவர் குடும்பங்கள் இன்னும் வனைகின்றன, சுண்டிப் பார்த்து விரிசல் இல்லாததாக வாங்க வேண்டும். வட்டமான வாயில் ஆறுக்கு ஒன்பது நீள்வட்டம் நேரே உட்காராது. நடுவில் ஒட்டுப்பலகையில் ஒரு வளையம் வெட்டிப் போட வேண்டும். மாருதித் தட்டு வெட்டிய அதே ஜே.சி. ரோட்டு ஆட்கள், கேட்டால் இதையும் வெட்டித் தருவார்கள். எதற்கு என்று சொன்னால் மட்டும் பானையைப் பார்க்க வேண்டும் என்பார்கள்.